கம்பிக் குழியில் துளிர்த்த கொம்பு

நங்கையா,

பிள்ளைகள் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு மனசு ஆறாது. பெரிய பேத்தி நர்சு படிப்பை முடித்து சேலத்தில் வேலைக்குப் போகிறாள். பேரன் கார்த்தி சொந்தமாக ரிக் வண்டி எடுத்து, வடநாட்டுப் பக்கம் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். சின்னவள் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதலாவது. கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுகிறேன். கார்த்தியின் பெண்டாட்டி நந்தினிக்கு ஏழாம் மாசம்.

இதையெல்லாம் காலையில் உங்கள் போட்டோ முன்னால் நின்று சொல்வது என் வழக்கம். இப்போது சொல்வதற்கு முகம் இல்லை. சட்டத்துக்குள் கறுப்புதான் இருக்கிறது. மேலே எரிந்துகொண்டிருந்த சின்ன சிவப்பு பல்பு வெடித்து, ஒயர் உருகி வழிந்து, நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் கருகிவிட்டீர்கள். அந்தத் தீய்ந்த வாடை இன்னும் கூடத்தை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் காகிதத்தில் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்த கை, கோணல்மாணலாகத்தான் வரும்.

மாடியில் சோலார் பலகை போட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கம்பெனி ஆட்கள் பலகையை மாட்டி முடித்து, எல்லாவற்றுக்கும் மேலே உயரமாக ஒரு கூர்க்கம்பி நட்டார்கள். அதிலிருந்து செம்புப் பட்டையைச் சுவரோடு இறக்கி, ஈசானிய மூலையில் ஆழமாக ஒரு குழாய் இறக்கி, அதன் தலையில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். குழியில் கரித்தூளைக் கொட்டினார்கள். நாங்கள் எல்லாம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் மட்டும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஏனுங் தம்பி, இந்தக் கம்பி இடியத் தடுத்துருமா?"

"தடுக்காதுங்கம்மா. வர்ற மின்னல மண்ணுக்குள்ள கொண்டுபோய் உட்ரும். பக்கத்துல எங்கியாச்சும் இடி உழுந்து ஒயர்ல கரண்ட்டு எகிறுனாலும், அதையும் இதே குழிக்குத் தள்ளிரும். ஆனா குழி காயக் கூடாதுங்க. நம்மூரு சுக்கான் மண்ணு, கோடையில கல்லாட்டம் ஆயிரும்."

அன்றைக்குப் பிடித்தது உங்களுக்கு அந்தக் குழிப் பைத்தியம். நீங்கள் சமைந்த வருசத்தில், பனைமரத்தடியில் கட்டியிருந்த உங்கள் அப்பாவின், என் மாமனாரின், ஜோடிக் காளைகள் இடி விழுந்து நின்ற இடத்திலேயே சாய்ந்ததைப் பார்த்தவர் நீங்கள். கண் திறந்தபடியே கிடந்தன என்று சொல்வீர்கள், அதற்கு மேல் சொல்ல மாட்டீர்கள். சாயங்காலம் ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போவீர்கள். மாசியிலிருந்து ஐப்பசி மழை பிடிக்கும்வரை அந்தக் குழி காய்ந்து நான் பார்த்ததில்லை.

எங்களுக்குச் சிரிப்பு. என் மகன் முருகேசன் வாய் சும்மா இருக்குமா?

"அத்தே, கம்பிக்குத் தண்ணி ஊத்தறீங்களே, துளிரு உடுமா, காய்க்குமா?"

"உடும் சாமி. காய்ச்சா மொதக் காய் உனக்குத்தான்."

நீங்களும் சிரித்தீர்கள். சின்னவள் அதைச் செல்லில் படம் பிடித்தாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் குழி ஓரம் நிற்கிற படம். நான் ஒருநாள் கேட்டதற்குத்தான் சிரிக்காமல் பதில் சொன்னீர்கள்: "அம்மிணி, வர்றவனுக்கு வழி உட்டுட்டா அவன்பாட்டுக்குப் போயிருவான். வழிய மறிச்சா ஊட்டுக்குள்ளதான் வருவான்."

நீங்கள் போன பிறகு கார்த்திக்குக் கல்யாணம் வைத்தோம். முகூர்த்தக்கால் ஊன்ற ஈசானிய மூலையில் குழி தோண்டினால், கடப்பாரையில் நெருப்புப் பொறி பறக்கிறது, மண் பெயரவில்லை. பந்தல்காரர் சுற்றிச் சுற்றி வந்து, காலால் மிதித்துப் பார்த்து, "இந்தா, இங்க வெண்ணெயாட்டம் இருக்குதுங்க" என்றார். நீங்கள் ஊற்றி ஊற்றி நெகிழ்த்தி வைத்த இடம். செம்புப் பட்டை இடைஞ்சல் என்று போல்ட்டைக் கழற்றினார்கள். குழாய் ஓரமாகக் கல்யாண முருங்கைக் கொம்பை ஊன்றி, மஞ்சள் பூசி, நவதானியம் கட்டி, குழாய்த் தலையையும் மூடிச் சுற்றிலும் சின்னதாகச் செங்கல் மேடை கட்டினார்கள். நாங்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தோம். பட்டையை யார் பார்த்தார்கள்?

மருமகளாக வந்த நந்தினி அந்தக் கொம்புக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். நீங்கள் வைத்துவிட்டுப் போன அதே குடம். கொம்பு துளிர்த்தது, நங்கையா. இலை விட்டுக் கிளை விட்டு மாடிப்படி உயரம் வந்துவிட்டது. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், ஊரே வந்து அந்த மரத்தைப் பார்த்துவிட்டுப் போனது. நானும்தான் எல்லாரிடமும் பெருமை பேசினேன். முருகேசன் முன்பு கேலியாகச் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது என்று அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போன வாரம் கோடை இடி, தோட்டத்து எல்லையில் நிற்கிற தென்னையில் விழுந்தது. மரம் உச்சியில் பந்தமாக எரிந்தது. அதே நொடியில் நம் வீட்டு இன்வெர்ட்டர் புகைந்தது, டிவி போயிற்று, சார்ஜில் கிடந்த என் செல் போயிற்று, உங்கள் பல்பு வெடித்தது. விழுந்தது தென்னையில், கருகியது நீங்கள். அப்போதுதான் அந்தக் கம்பெனிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்து, பட்டை எங்கே போகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன்.

காற்றில் ஆடாமல் இருக்க அதன் நுனியை ஜன்னல் கம்பியில் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். நந்தினி படுக்கிற அறை ஜன்னல். கட்டிலின் தலைமாடு அந்தக் கம்பியை ஒட்டி.

மாடியில் வானத்தைப் பார்த்து ஒரு கூர்க்கம்பி, அதிலிருந்து நேராக வழி போட்டு ஒரு பிள்ளைத்தாச்சியின் தலைமாட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறோம். கட்டிலை அன்றைக்கே நடு அறைக்கு இழுத்துப் போட்டேன். கம்பெனிக்குப் போன் பண்ணினால், இந்த இடியில் பல ஊரில் ரிப்பேர், வரிசைப்படிதான் வருவோம், பட்டையைக் குழாயில் சேர்க்காமல் வெறுமனே அவிழ்த்துவிட்டாலும் ஆபத்துதான் என்கிறார்கள்.

முருகேசன் மேடையை இடித்துக் குழாய்த் தலையை வெளியே எடுத்து, பட்டையை மறுபடி முடுக்குகிறேன் என்றான். அதற்குள் நந்தினியின் அம்மா வந்துவிட்டார்.

"வயித்துல புள்ளையோட இருக்கறவ ஊட்டுல இடிக்கறதா? மண்ணு வெட்டறதா? அதுவும் துளிர்த்த காலு! ஏனுங் சம்பந்தி, நீங்க பெரியவங்க, சொல்ல மாட்டீங்களா?"

அவர் சொன்னதும் நாம் காலங்காலமாகக் கைக்கொள்வதுதானே. முருகேசனை நிறுத்தச் சொன்னேன். வேறு பக்கம் குழி போடலாம் என்றாலும் அதுவும் மண் வெட்டுவதுதான். இப்படியே நாள் தள்ளிப்போயிற்று. வானம் தினமும் மூடி மூடிக் கலைந்தது.

இன்று காலை நந்தினியை உட்கார வைத்து, நீங்கள் சொன்னதை, காளைகளோடு சேர்த்து, அப்படியே சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய், மேடையின் ஓரச் செங்கல்லைத் தன் கையாலேயே ஆட்டிப் பிடுங்கினாள்.

"எடுங்க மாமா. மரத்துக்கு ஒண்ணும் ஆகாம எடுங்க. அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன்."

முருகேசன் வேர் அறுபடாமல் உளியால் கொத்திக் கொத்தி எடுத்தான். சோற்று நேரத்துக்குக் குழாய்த் தலை தெரிந்தது, ஈரம் காயாமல். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவன் ஜன்னலுக்குப் போகவும், கொல்லிமலைப் பக்கமிருந்து உருமல் கேட்டது.

"நிமிச வேலைம்மா" என்றான்.

"தொடாத" என்றேன். சத்தம் கேட்ட பிறகு கம்பிப் பக்கம் போகக் கூடாது என்று நீங்கள் போட்ட சட்டம். ஸ்பேனரை அவன் கையிலிருந்து பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். இப்போதும் மடியில்தான் இருக்கிறது.

எல்லாரும் பக்கத்தில் நீங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கு வந்து நடு நடையில் உட்கார்ந்திருக்கிறோம். நந்தினி என் தோளில் சாய்ந்திருக்கிறாள். மலை மறைந்துவிட்டது. காற்று நின்றுவிட்டது, கோழிகள் சத்தமே இல்லை. ஜன்னல் வழியாக மாடி வீடு தெரிகிறது, கூர்க்கம்பி தெரிகிறது, பட்டை இன்னும் ஜன்னலில் கட்டியபடி. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. இந்த மழை ஓய்ந்ததும் முதல் வேலை அதுதான். ஓயும்வரை அந்த வீட்டில் ஆள் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

சூரமங்கலத்தில் இருக்கிற உங்கள் மகளுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சின்னவள் எடுத்த அந்தப் படத்தை அவளுக்கும் அனுப்பியிருந்தோம், என்னிடம் இருந்தது செல்லோடு போயிற்று. அதைப் பெரிதாகக் கழுவித் தபாலில் போடச் சொன்னேன். பட்டுச் சேலையில் எடுத்தது வேண்டாம், குடத்தோடு நிற்பதுதான் வேண்டும். இந்தத் தடவை பல்பு மாட்ட மாட்டேன், எண்ணெய் விளக்குதான். கூடத்திலும் மாட்டப் போவதில்லை. குழிக்கு நேர் மேலே, சுவரில் மாட்டப் போகிறேன். யார் கடப்பாரையோடு வந்தாலும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோண்டட்டும்.

அவளைச் சீக்கிரம் தபாலில் போடச் சொல்லுங்கள், நங்கையா. புதுப் போட்டோ.