சுப்பர்சார்ஜருக்குப் புது எண்ணெய்

நோபேட்,

நீங்கள் கடலில் இருந்து வரும்போது நான் வேனோடு வவுனியாவுக்குப் போயிருப்பேன். கோபிக்க வேண்டாம். சண்டை முடிந்ததும் பிடித்து வைத்த முகாமில் இருந்து தங்கச்சி பீற்றிஸை இன்று விடுகிறார்கள். நேற்றுத்தான் போன் வந்தது.

"அந்தக் கீச்சுச் சத்தத்தோட தூரம் ஓட ஏலா, சுப்பர்சார்ஜர் எண்ணெய நான் மாத்தித் தாறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நானே மாற்றிவிட்டேன். ஊசிக்குழாயால் உறிஞ்சியபோது பழையது கருகி நாறியது. எஞ்சின் எண்ணெய் வேறு, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் இந்தச் சாமானின் எண்ணெய் வேறு என்று நீங்கள் வாங்கி வைத்த சின்னப் போத்தலைத் திறந்து, அளவுகோலில் உள்ள கோடு வரை விட்டேன். வலையிறவுப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை! தனியே இருந்து சிரித்தேன்.

நீங்கள் தள்ளிப்போட்டது வேனுக்காக இல்லை என்று தெரியும். சுனாமியன்று என் கை உங்கள் பிடியில் இருந்து நழுவியது முதல், நான் வாசல் படலை தாண்டினாலே உங்களுக்குப் பயம். ஜெராட் மாமா துணைக்கு வருகிறார். நாளை பின்னேரம் வந்துவிடுவோம்.

புட்டு மூடியிருக்கிறது. இறால் சொதியைச் சூடாக்குங்கள்.

மேர்லின்

இன்னொன்று. பீற்றிஸ் போனில், "அக்கா, தாய் தகப்பன் இல்லாத புள்ளையொண்டு என்ன விட்டுப் போகுதில்ல" என்றாள். உங்களைக் கேட்காமலே "கூட்டிக்கொண்டு வா" என்றுவிட்டேன். பெயர் ஆர்த்திகா, நாலு வயதாம். பால்மா வாங்கி, கட்டிலுக்கு நுளம்புவலை கட்டி வையுங்கள். சண்டை பிடிப்பதென்றால் அவள் நித்திரையான பிறகு, மெல்லிய குரலில் பிடிப்போம்.