மான் எண்ணப் போனவனின் கண்கள்

ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள நவாலிக், உன் கபோலக் எழுதுவது,

வீடு நலம், நாய்கள் நலம். நானும் நலம் என்று எழுதினால் பொய் என்று உடனே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதவில்லை. ரத்தம் சுத்தம் செய்த பிறகு வரும் தலைசுற்றல் இப்போது குறைந்திருக்கிறதா? போனில் கேட்கலாம் என்றால், நகரத்தில் உங்கள் நோயாளிகள் விடுதியில் போன் வராந்தாவில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் கடிதம்.

கேரிபூ மான்களை எண்ணும் வேலை முடிந்தது. குட்டி போடும் நிலத்தின் மேல் ஆறு நாள் பறந்தோம். மூன்று வருடத்துக்கு முன்பு போலவே விமானிக்குப் பின்னால் எனக்கு இடம். எனக்குப் பின்னால் மேரன் என்கிற அரசாங்க ஆய்வாளர் பெண். இறக்கையைத் தாங்கும் கம்பியில் இரண்டு கயிறு கட்டியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே தெரிகிற மானை மட்டும் எண்ண வேண்டும். முதலில் நான் கண்டதைச் சொல்வேன், நான் விட்டதை அவள் சொல்வாள்.

போன தடவை ஒரு கூட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். தொண்டை கட்டிப்போய் ஊர் திரும்பினேன், நினைவிருக்கும் உனக்கு. இந்தத் தடவை முதல் நாள் காலை முழுவதும் நான் சொன்னது நாற்பத்தொன்று. இரண்டு முறை அவள் பின்னாலிருந்து, "நீங்க விட்டீங்க, இன்னும் மூணு இருக்கு" என்றாள். எனக்கு மானமே போய்விட்டது. பிறகு அவளுக்கும் எதுவும் தென்படவில்லை. கீழே பாதி பனி, பாதி பாறை. ஏதாவது ஒரு பாறை எழுந்து நடக்காதா என்று கண் வலிக்கப் பார்த்தேன்.

முன்பு பத்து மான் இருந்த இடத்தில் இப்போது மூன்றுகூட இல்லை என்பது மேரனின் கணக்கு. வெள்ளிக்கிழமை ஊர்க் கூடத்தில் அதைச் சொன்னாள். வேட்டைக்காரர் சங்கத் தலைவனாக இருக்கிறானே உன் தம்பி அனப்லக், அவன்தான் எழுந்தான். "மான் எங்கயும் போகல. எங்க மச்சானோட கண்ணுதான் போச்சு! பின்னாடி உக்காந்த பொண்ணு சிட்டில பஸ்ஸ எண்ணிப் பழகினவ. இவங்க ரெண்டு பேரும் எண்ணினா திமிங்கிலமே தப்பிச்சிரும்" என்றான். கூடமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

இப்போது சங்கம் அரசாங்கத்துக்குப் பதில் எழுத வேண்டும். கணக்கு சரி என்றால் இந்த வருடம் ஒருவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. எண்ணியவனுக்குப் பார்வை சரியில்லை என்று எழுதினால், அடுத்த ஜூனில் மறுபடி எண்ணும்வரை வேட்டை வழக்கம்போல. ஆனால் கணக்கு சரியாக இருந்து நாமும் வழக்கம்போலச் சுட்டால், அடுத்த ஜூனில் எண்ணுவதற்கு என்ன மிஞ்சும்?

ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். விமானத்துக்கு எண்ணெய் போட ஒரு மணல் மேட்டில் இறங்கினோம். மேரன் டிரம்மை உருட்டிக்கொண்டிருந்தாள், நான் மட்டும் கொஞ்சம் நடந்தேன். மான்கள் நடந்து நடந்து குழிந்த பாதைகள் அப்படியே இருந்தன. புதுப் புழுக்கை ஒன்றுகூட இல்லை. குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். எல்லாம் பழசு, வெளுத்து உதிர்ந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கண் டாக்டர் வருகிறார். என் கண் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள். எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் இப்படிக் கேட்டிருக்க மாட்டான். உடம்பைப் பார்த்துக்கொள்.

கபோலக்

ஜூலை 10, வியாழன்

நவாலிக்,

இன்று மாலை திரும்பிப் போகும் கண் டாக்டரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை உன் கைக்கு வந்துவிடும். வந்தவுடன் படி.

நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். தப்பாகச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கொசு அளவுக்கு இருந்த கடைசி வரியை வாய் தானாகவே சரியாகச் சொல்லிவிட்டது. விளக்கடித்து உள்ளே பார்த்தார். "இந்த வயசுல இப்படி ஒரு கண்ண நான் பாத்ததே இல்ல பெரியவரே. சந்தோஷமா போய்ட்டு வாங்க" என்றார். இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வாசலில் அனப்லக்கும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். "என்ன மச்சான் சொன்னாரு?" என்று கேட்டான். அந்த முகங்களைப் பார்த்தேன். "பாதி போச்சாம்" என்று சொல்லிவிட்டேன்.

அனப்லக் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். வீட்டுக்குக் கூட்டிப் போய் டீயும் ரொட்டியும் கொடுத்தார்கள். "கவலைப்படாதீங்க மச்சான். இனிமே உங்க வீட்டுக்கும் சேத்து நானே மான் அடிச்சுத் தரேன்" என்றான், அவ்வளவு பாசமாக. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நாளை மதியம் சங்கத்தின் பதில் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போடப் போவதில்லை. எழுந்து நின்று என் பொய்யையும் மணல் மேட்டையும் சொல்லப் போகிறேன். அவர்கள் திட்டட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் என் கண் கெட்டது என்கிற வரைக்கும் மான் எங்கேயோ இருக்கிறது, நவாலிக். நான் வாயைத் திறந்த பிறகு எங்கே இருக்கும்? அதுதான் பயம்.

நம்ப மாட்டார்கள். டாக்டரும் போயிருப்பார். அனப்லக் நேராக உனக்குத்தான் போன் செய்வான். "அக்கா, மச்சானுக்கு வீட்டுலயே கண்ணு சரியா தெரியாதுல்ல?" என்று கேட்பான். ஊரே அவன் பின்னால் நிற்கும், உன் பக்கத்திலும் நாலு பேர் நிற்பார்கள். தம்பி கேட்டு நீ எதையும் மறுத்ததில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நீ நாலு பேர் முன்னால் சொன்னதும் இல்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "அவருக்குக் கண்ணு நல்லா தெரியும்" என்று சொல். அவன் அழுதாலும் சொல்.

உன் கபோலக்