அத்தைகளுக்காகத் திறந்த பக்கக் கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சின்ன அத்தை போன செய்தியை அம்மா உனக்குப் போனில் சொன்னபோது நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அப்பாகிட்ட குடும்மா என்று நீ கேட்டது என் காதிலும் விழுந்தது, நான்தான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. எழுதுவதென்றால் நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வரலாம், இதுவரை இரண்டு தடவை போய்வந்துவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நீ ஒன்று கேட்டிருந்தாய். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிடந்த நாடுகள் எப்படி ஒரு சமூகம் மாதிரி ஆயின என்று கல்லூரியில் பாடம் எடுக்கப் போறேன், புத்தகத்துல இருக்கறது எனக்குத் தெரியும், நீங்க பாத்த மாதிரி எழுதுங்கப்பா என்று. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெளியுறவு அலுவலகத்தில் புரோட்டோகால் பிரிவு என்று நான் சொன்னால், எங்க அப்பா நாற்காலி போடுறாரு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தவள் நீ. பொய்யும் இல்லை. எந்தத் தூதர் எங்கே உட்கார வேண்டும், எந்தக் கொடி எந்தப் பக்கம், யார் கார் முதலில் வாசலுக்கு வர வேண்டும், இதுதான் என் பிழைப்பு. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் முதல் வகுப்பு எடுப்பேன், அதில் சொல்கிற கதைகளையே உனக்கும் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன், ஆனால் அந்தப் பழைய தோரணை வராது.

ஒரு காலத்தில் ராஜாக்களுக்குள் சமம் என்ற பேச்சே கிடையாது. யாருடைய வண்டி முன்னால் போவது என்று இரண்டு ராஜாக்களின் தூதர்கள் நடுத்தெருவில் சண்டை போட்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஒரு கண்டத்தையே பாழாக்கின நீண்ட யுத்தம் ஒன்று, அதை முடிக்கக் கூடினவர்கள் ஒரே ஊரில் உட்கார மாட்டோம் என்று இரண்டு ஊரில் உட்கார்ந்தார்கள். யார் முதலில் உள்ளே நுழைவது, யாரை என்ன பட்டம் சொல்லி அழைப்பது என்பதிலேயே மாதக்கணக்கில் போனது, அதுவரை வெளியே சண்டை நிற்கவும் இல்லை. இன்னொரு சமாதானப் பேச்சுக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும் என்று ஒரு கூடத்துக்கு நான்கு பக்கமும் வாசல் வைத்ததாகச் சொல்வார்கள். பிறகுதான், ராஜா பெரியவனா சின்னவனா என்பதை விட்டுவிட்டு, எந்தத் தூதர் முதலில் வந்து சேர்ந்தாரோ அவர் மூத்தவர் என்று ஒரு வழக்கம் வந்தது. அதற்கப்புறமும் ஒரு மூலையில் இருந்த சில நாடுகள் தங்களை மட்டும் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு, மற்றவர்களை நாகரிகம் போதாது என்று வாசலிலேயே நிற்க வைத்தன. நின்றவர்களின் நிலத்தையும் எடுத்துக்கொண்டன. அப்படி நின்றவர்களில் நாமும் உண்டு. நம்மைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து நாற்காலி கேட்டு வாங்கினது என் அப்பா காலத்தில்தான். ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு ஓட்டு என்று ஆன பிறகும், ஐந்து பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் பெரிய காரியம் எதுவும் நகராது, அது உனக்கே தெரியும். ஆனாலும் பார், தலைக்கு மேல் அதட்ட ஒரு பெரியவர் இல்லாத வீடு அது, வெறும் மரியாதையாலும் வழக்கத்தாலும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஒட்டுகிற பசையில் என் கையும் இருந்தது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் இப்போது என் கழுத்தை அறுக்கிறது.

என் அப்பா போன பிறகு நம் வீடும் தலைக்கு மேல் ஆள் இல்லாத வீடாகத்தான் ஆனது. அவர் போன அன்று, வெளியூர் போயிருந்த பெரிய அத்தை வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள், முடிவெடுத்தவள் சின்ன அத்தை. அவ எனக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கலையே என்பது அக்காவின் பேச்சு. கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்து பாத்தது நான், என்னை ஒரு வார்த்தை கேட்டாளா என்பது தங்கையின் பேச்சு. அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. ஒரே ஊரில், ஒரே பஸ் போகிற தெருக்களில் இருந்துகொண்டு ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கவில்லை. நடுவில் பிறந்த நான்தான் இரண்டு வீட்டிலும் காபி குடித்துவிட்டு வருவேன்.

சின்ன அத்தைக்கு நுரையீரல் இனி தேறாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அது காதில் விழுந்ததும் பெரிய அத்தை என்னைக் கூப்பிட்டாள். அவளைப் பாக்கணும்டா, ஆனா நானா போனதா இருக்கக் கூடாது என்றாள். தங்கையிடம் போய்ச் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே, வரட்டும், ஆனா நான் கூப்பிட்டதா இருக்கக் கூடாது என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. இதற்குத்தானே நான் இருக்கிறேன், என் வாழ்நாள் வேலையே இதுதானே என்று தோன்றியது. அக்கா வீடும் வேண்டாம், தங்கை வீடும் வேண்டாம், பொது இடம் நம் வீடு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும், ஆகவே முன் கதவு ஒருத்திக்கு, மாடிப்படிப் பக்கம் இருக்கிற பக்கக் கதவு இன்னொருத்திக்கு. தலைமாடு யாருக்கு, கால்மாடு யாருக்கு என்ற பேச்சு வராமல் இருக்க வட்ட மேசை. கீழ் வீட்டுத் தையல்காரரிடம் துணி வெட்டுகிற வட்ட மேசை ஒன்று இருந்தது, தருகிறேன் என்றார்.

பக்கக் கதவுக்கு முன்னால்தான் நம் பீரோ நிற்கிறது. அதை நகர்த்தினால், மழையில் கதவு ஊறிப்போய் அசைய மாட்டேன் என்றது. தச்சரைக் கூப்பிட்டேன், அவர் பார்த்துவிட்டு, காயட்டும் சார், வியாழக்கிழமை வந்து சீவிக் குடுக்கறேன் என்றார். வியாழக்கிழமை வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. அம்மா ஒவ்வொரு வேளையும் சோறு போடும்போது கேட்டாள், எதுக்கு இந்தக் கூத்து, மூச்சு வாங்கறவ மாடி ஏறுவாளா, ஆட்டோவுல உங்க அக்காவை ஏத்திக்கிட்டுப் போய் எறக்கி விட்டுட்டு வாங்க என்று. உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன். அக்காவும் நடுவில் கூப்பிட்டு, எப்படா என்று கேட்டாள். இரு அக்கா, முறையா செய்வோம் என்றேன். அந்த முறையா என்ற வார்த்தையை நான் சொன்ன தொனி இப்போதும் என் காதில் இருக்கிறது, கேட்டால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

சனிக்கிழமை காலையில் தச்சர் வந்தார். கதவைக் கழற்றி ஹாலில் சாய்த்து வைத்துச் சீவிக்கொண்டிருந்தார், தரையெல்லாம் மரச்சுருள். அப்போதுதான் சின்ன அத்தை வீட்டிலிருந்து மாமா போன் பண்ணினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள்.

பெரிய அத்தையை நான் போய்த்தான் கூட்டிவந்தேன், ஆட்டோவில். தங்கை வீட்டு வாசலில் இறங்கியவள் யார் முன்னால், யார் பின்னால் என்று எதையும் பார்க்கவில்லை, எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே போய்த் தங்கையின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்தாள். பீரோ இடம் மாறியிருந்ததைப் பார்த்து என்ன இது என்று கேட்டாள், அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் அந்தப் பக்கக் கதவைக் கையால் தள்ளிப் பார்த்தாள். இப்போது அது வெண்ணெய் மாதிரி திறக்கிறது. நானா போனதா இருக்கக் கூடாதுன்னு சும்மாதாண்டா சொன்னேன், நீ கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவேன்னு நெனச்சேன் என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் பாப்பா. திட்டவில்லை. தம்பிக்குச் சோறு போடு, எளச்சுப் போயிட்டான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சமாதானம் பேசக் கூடினவர்கள் வாசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்ற அந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் ஒரு நிமிஷம் நிறுத்துவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நீ உன் வகுப்பில் சொல்லு. நாடுகளுக்கு வாசலும் வரிசையும் இல்லாமல் முடியாது, அதை நான் இன்றைக்கும் சொல்வேன், அது இல்லாவிட்டால் மறுபடியும் தெருவில் வெட்டிக்கொள்வார்கள். நாட்டுக்கு மூச்சு வாங்காது, அதனால் அது காத்திருக்கலாம். எனக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

இனி நீ எதிர்பார்த்துக் கோபப்படுகிற இடத்துக்கு வருகிறேன். எங்களை இந்த மாடி வீட்டுக்குக் குடி மாற்றியபோது உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நீ உன் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டாய். அவன் கேட்டிருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. வீட்டைத் தேடி, சாமான் தூக்கி, தண்ணீர்க் குழாய்க்கு அலைந்தவன் அவன், அதிலும் சந்தேகம் இல்லை. அவன் மொதல்ல கூப்பிடட்டும் என்று நீ அம்மாவிடம் சொல்கிறாய். அவ பேசினா நான் பேசப் போறேன் என்று அவன் என்னிடம் சொல்கிறான். உங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்கும்போது எனக்குப் பழக்க தோஷத்தில் மேசைதான் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தத் தடவை நான் மேசை போட மாட்டேன்.

குழந்தையைக் குளிரில் தலை மூடாமல் வெளியே கொண்டுபோகாதே. உன் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு. பெரிய அத்தைக்கு ஒரு போன் பண்ணு, வேறு எதுவும் பேச வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும். எல்லாரும் நோய் நொடியில்லாமல் நெடுங்காலம் நன்றாக இருங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி ஒரு கடிதம் உன் அண்ணனுக்கும் எழுதி வைத்திருக்கிறேன், அவன் இதே ஊரில்தான் இருக்கிறான் என்றாலும் தபாலில்தான் போடப் போகிறேன், உனக்கு வந்து சேருகிற சமயமாகப் பார்த்து. அதில், நீ முதலில் கூப்பிடுடா என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இதில் உன்னிடம் சொல்கிறேன், நீ முதலில் கூப்பிடு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் லைன் கிடைக்காமல் போனால், வைத்துவிட்டு மறுபடியும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பக்கக் கதவைத் திறந்தே வைத்திருக்கும்
உன் அப்பா