யாரும் எழுதாத மஞ்சள் சீட்டு

அம்மா, பெரிய சேதி, எங்க குடோன்ல வேலை எப்படி நடக்குதுன்னு சுவர்ல படமா வரையற பொறுப்ப எனக்கே கொடுத்துட்டாங்க!

நான் சௌக்கியம். உங்க முட்டி வலி எப்படி? அப்பா இருமல் குறைஞ்சுதா?

எல்லாம் வீடியோ பார்த்தே கத்துக்கிட்டேன்மா. ஒரு பெட்டி உள்ள வந்ததுலேருந்து லாரி ஏறுற வரைக்கும் அது பின்னாடியே நடக்கணும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிஷம்னு மஞ்சள் சீட்டுல எழுதி சுவர்ல ஒட்டணும். வீணாப்போற நேரத்த வெட்டணும்.

பெட்டியக் கட்டி முடிச்சதும் லாரி வர்ற வரைக்கும் ஒரு மூலையில வைப்பாங்க. கன்னாபின்னான்னுதான் வைக்கிறாங்க. கொஞ்ச நேரத்துல எல்லாம் மேல எழுதின பேர் தெரியற மாதிரி திரும்பி நிக்குது. அங்க ஆளே இல்ல!

"யாருண்ணே திருப்புறது?"ன்னு லோடுமேனக் கேட்டேன்.

"நான் சேர்ந்த நாள்லேருந்து அப்படித்தான்டா. உன் வேலையப் பாரு."

எத்தனை நிமிஷம்னு தெரியாததால அந்த இடத்துக்கு வெறும் சீட்டு ஒண்ணு ஒட்டினேன். காலையில பார்த்தா அதுல 'நாலு நிமிஷம்'னு எழுதியிருக்கு. பயப்படாதீங்க, கையெழுத்து என்னுதவிட அழகு!

அந்த நாலு நிமிஷம் வீணாம்; அந்தச் சீட்டக் கிழிச்சு மூலைய அடைச்சுட்டா என் வேலை நிரந்தரம்னு மேனேஜர் சொல்றாரு. ஆனா நான் தினமும் 'போயிட்டு வரேன்'னு சொல்றது அந்த மூலைகிட்ட மட்டும்தான்மா.

போர்வை அனுப்பினா ரெண்டா அனுப்புங்க. அந்த மூலையில ரொம்பக் குளிருது.

அப்பா, அக்கா எல்லாரையும் உட்கார வச்சு இதப் படிங்க. கிழிக்கட்டுமா வேண்டாமான்னு ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க. உங்களக் கேக்கப்போறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா இன்னிக்கு அந்தச் சீட்டுல 'வீட்ல என்ன சொன்னாங்க?'ன்னு இன்னொரு வரி இருக்கு. சீக்கிரம் எழுதுங்கம்மா.