பாதி டேங்க் போதும் என்றார் அண்ணன்

ஏப்ரல் 9, 2007. திங்கள்

வெயில் இப்பவே மண்டையைப் பிளக்குது. கயலுக்கு அரை நாள் ஸ்கூல் ஆரம்பிச்சாச்சு. எல்.கே.ஜி. பிள்ளைக்கு அரை நாள் என்ன, முழு நாள் என்ன.

வாங்கணும்: புளி, ராகி மாவு, கயலுக்குத் தொப்பி, காருக்கு வாசனை டப்பா (இன்னொண்ணு!).

வண்டியில இன்னைக்கும் பெட்ரோல் நாத்தம். ஸ்கூல் போற வழியில கயல் பின் சீட்டுல வாந்தி. இவர் சொல்றது, "பால் குடிச்ச உடனே வண்டியில ஏத்தினா அப்படித்தான்." பழி பால் மேல. எலுமிச்சை வாசனை டப்பா ஏற்கெனவே ஒண்ணு தொங்குது. எலுமிச்சையும் பெட்ரோலும் சேர்ந்து எனக்கே குமட்டுது. நல்லவேளை, கச்சிபௌலிக்கு எனக்கு ஆஃபீஸ் கேப். இவரும் கயலும்தான் தினம் அதுல.

பொங்கலுக்கு முருகேசன் அண்ணன்கிட்ட வாங்கின வண்டி. பழசு, சின்னது, ஆனா எங்க முதல் கார். பின் சீட் பெல்ட் மாட்டினா ரெண்டு குலுக்கல்ல கழண்டுக்கும். பின் கதவு ரெண்டும் உள்ளேயிருந்து திறக்காது, யாராவது இறங்கி வந்து திறந்துவிடணும். "சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அதுதாம்மா பாதுகாப்பு"ன்னார் அண்ணன். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

ஏப்ரல் 10. செவ்வாய்

ராகி மாவு கிடைக்கலை. ஆஃபீஸ்ல ரிலீஸ் நெருக்கடி. கேப்ல நல்லாத் தூங்கினேன்.

அம்மா போன். மு.அ. (முருகேசன் அண்ணன்) நல்லா இருக்காரான்னு முதல்ல அவரைத்தான் விசாரிக்குது. அப்புறம்தான் நான். இதுல எனக்கு வருத்தம் இல்லை. அவர் கோவில்பட்டி, நான் சாத்தூர், சொந்தம் ஒண்ணும் கிடையாது. இந்தத் தெலுங்கு ஊர்ல, இதே அல்வால்ல ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வீடு, மத்திய அரசு வேலை. கூடப் பிறந்தவன் இல்லாதவ நான். போன வருஷம் கயலுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. "நான் இருக்கேன்ல"ன்னு வந்து உக்காந்தவர் அவர். கயல் வீறிட்டப்ப அவர் கண்ணும் கலங்குச்சு. மதினி சீர்த்தட்டு வேற தூக்கிட்டு வந்தாங்க. அன்னையிலேருந்து அவர் எனக்கு அண்ணன்தான்.

அதனாலதான் வண்டி வாங்கறப்ப இவர் "ஒரு மெக்கானிக்கிட்ட..."ன்னு இழுத்ததும் அண்ணன் முகம் சுருங்கினதை என்னால பாக்க முடியலை. "தாராளமாக் காட்டுங்க மாப்பிள்ளை. தங்கச்சிக்குக் குடுக்கற வண்டி, நமக்குள்ள மெக்கானிக் எதுக்குன்னு நினைச்சேன், வேறொண்ணுமில்ல." அதுக்கப்புறம் யாரு காட்டுவா? சக்கரத்துல எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினோம், முடிஞ்சது சோதனை.

ஏப்ரல் 11. புதன்

காலையில வாட்ச்மேன் கதவைத் தட்டறார். "அம்மா, மீ காரு கிந்த பெட்ரோல் காருதோந்தி!" காருக்குக் கீழ பெட்ரோல் ஒழுகுதாம். ஓடிப் போய்ப் பார்த்தா வண்டிக்கு அடியில தட்டு அளவுக்கு ஈரம். சொட்டுது. பக்கத்து பிளாட் பெரியவர் பீடியும் கையுமா நின்னு குனிஞ்சு பாக்கறார்! நான் போட்ட சத்தத்துல பீடியைச் சட்டைப்பையிலேயே போட்டிருப்பார் மனுஷன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். பதறுவார்னு நினைச்சேன். பதறலை.

"வெயில்ல அப்படித்தாம்மா. டேங்கை ரொப்பியா வச்சிருக்கீங்க? ரொப்பாதீங்க. பாதிக்கு மேல போடாதீங்க, பாதி டேங்க் போதும். பாதிக்குக் கீழ இருந்தா ஒண்ணும் ஆகாது."

போனை வச்சப்புறம் காய் நறுக்கிட்டே இருந்தேன். கை நின்னுடுச்சு. பாதிக்குக் கீழ இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

சே, பெரியவங்க, அனுபவம், சொல்லியிருப்பாங்க. நானா எதையாவது கற்பனை பண்ணிட்டு.

ஏப்ரல் 12. வியாழன்

அரை நாள் லீவ். இவரும் நானும் மெயின் ரோடு மெக்கானிக்கிட்ட. வண்டியைத் தூக்கிப் பார்த்தவன் டார்ச்சை எங்க கையில குடுத்துப் பாக்கச் சொல்றான். டேங்கோட தையல் ஓரம் துருப்பிடிச்சு ஓட்டை. அதுல யாரோ துணி சோப்பைத் தேய்ச்சு அடைச்சிருக்காங்க. அதுக்கு மேல பைப் ஒட்டற பசை. அதுக்கு மேல தெரியாம இருக்கக் கறுப்பு பெயிண்ட். வெயிலுக்கு எல்லாம் விண்டு போயிருக்கு.

அந்த டேங்க் சரியா பின் சீட்டுக்கு அடியில. கயல் உக்கார்ற இடத்துக்கு அடியில. உள்ளேயிருந்து திறக்காத கதவுக்கு நடுவுல.

"நக்கோ சலாவ் மேடம்." ஓட்டவே கூடாதாம். புது டேங்க் இந்தப் பழைய மாடலுக்குக் கிடைக்காதாம். அப்புறம் இவர் பக்கம் திரும்பி, வேணும்னா தானும் பசை போட்டுப் பெயிண்ட் அடிச்சுத் தர்றதாவும், விக்கற வரைக்கும் தாங்கும்னும் சொல்லிச் சிரிக்கிறான். நான் முறைச்சேன்.

மு.அ.வுக்கு முன்னாடி ஒருத்தர் வச்சிருந்த வண்டி. அந்த ஆள் செஞ்ச வேலையா இருக்கும். அண்ணனும் ஏமாந்திருப்பார். அப்படித்தான் இருக்கணும் சாமி.

வண்டியைத் தள்ளிட்டு வந்து பார்க்கிங்ல ஓரமா விட்டாச்சு. மணல் கொட்டி வச்சிருக்கார் வாட்ச்மேன்.

ஏப்ரல் 14. சனி. வருஷப்பிறப்பு

அண்ணன் வீட்டுல சாப்பாடு. வருஷா வருஷம் அங்கதான். ஆட்டோவுல போனோம். மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, சேமியா பாயசம். மதினி கைப்பக்குவத்துல குறையே சொல்ல முடியாது.

இலை போட்டு உக்காந்தாச்சு. அண்ணன் மகள் பவித்ரா, நாலாம் கிளாஸ், கயலை மடியில வச்சுக்கிட்டு என்கிட்ட கேக்குது. அதுக்குத் தமிழ் புரியும், பேசறது ஹிந்திதான்.

"அத்தை, கார் நை லாயே? அச்சா கியா." கார் கொண்டு வராதது நல்லதாம். ஏண்டா கண்ணுன்னேன். வடையைக் கடிச்சுக்கிட்டே சொல்லுது. அப்பா அவங்களை அந்த வண்டியில ஏத்தவே மாட்டாராம். தீபாவளியிலேருந்து ஸ்கூலுக்கு ஆட்டோதானாம். அம்மாவையும் ஏத்த மாட்டாராம். "ஆக் லக் ஜாயேகி போல்தே பாப்பா." தீப்பிடிச்சுக்கும்னு சொல்வாராம் அப்பா.

மதினி "பவி, உள்ள போ"ன்னாங்க. அண்ணன் பாயசக் கரண்டியைப் பிடிச்சபடி நிக்கறார்.

"அண்ணே, தெரியுமா உங்களுக்கு?"

"சின்னக் கசிவும்மா. அடைச்சுத்தான் குடுத்தேன்."

"உங்க பிள்ளையை ஏத்தலையே. என் பிள்ளையை ஏத்தச் சொன்னீங்களே."

இலையைப் பார்த்துட்டு நிக்கறார். மதினிதான் சொன்னாங்க, சமாதானம் பண்றதா நினைச்சுக்கிட்டு. "வெளியாளுக்கு வித்தா நாளைக்கு வாசல்ல வந்து நின்னு கத்துவான், போலீஸ்ம்பான். நீங்கன்னா நம்ம பிள்ளைங்க, ஏதாச்சும்னாலும் பொறுத்துப் போவீங்கன்னுதான்..."

சண்டைக்கு வர மாட்டோம்னுதான் எங்களுக்கு வித்தாங்க. உறவு கொண்டாடினதே இதுக்குத்தானா?

எழுந்துட்டேன். இலை அப்படியே. வருஷப்பிறப்பும் அதுவுமா பாதி இலையில எழுந்திரிக்கக் கூடாதுன்னு மதினி கையைப் பிடிக்கறாங்க. உதறிட்டேன். இவர் மட்டும் பாயசத்தை முடிச்சுட்டு வந்தார். ஆட்டோவுல கேட்டேன், எப்படி இறங்குச்சு தொண்டையிலன்னு. "அவர் முன்னாடி சீன் போட வேண்டாம்னு பார்த்தேன்"ங்கறார்.

ஏப்ரல் 15. ஞாயிறு

தலைவலி. துணி ஊற வச்சது அப்படியே கிடக்கு. சோப்பை எடுத்தா அந்த டேங்க் ஞாபகம், தூக்கிப் போட்டுட்டேன்.

அம்மாகிட்ட சொன்னேன். "போனது போகட்டும் விடு. வேத்தூர்ல ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆள் வேணும்ல." எனக்கு வந்த ஆத்திரத்துல போனை வச்சுட்டேன். ஆத்திர அவசரத்துக்கு ஆளாம்! இவ்வளவு நாள் நான் அண்ணே அண்ணேன்னு உருகினதை நினைச்சா என்னையே அறையணும் போல இருக்கு. பிள்ளை பக்கத்துல படுத்திருக்கு. தொட்டுத் தொட்டுப் பார்க்கறேன். அழுதேன். நல்லாவே அழுதேன்.

இவர்கிட்ட தீர்மானமாச் சொல்லிட்டேன். வண்டி காயலான் கடைக்கு. சரின்னார்.

ஏப்ரல் 18. புதன்

கயலுக்கு ஆட்டோ ஏற்பாடு. டிரைவர் நல்ல மாதிரி.

பார்க்கிங்ல வண்டி பளபளன்னு கழுவி நிக்குது. மணலைக் காணோம். குனிஞ்சு பார்த்தேன். புதுக் கறுப்பு பெயிண்ட்.

மேல வந்தா இவர் பால்கனியில போன். "மெக்கானிக்லாம் எதுக்கு தம்பி, நமக்குள்ள. நான் என்ன மூணாம் மனுஷனா?"

அண்ணன் குரல் மாதிரியே இருந்துச்சு.

விஷயம் இதுதான். ஜீடிமெட்லாவுல இவர் மருந்துக் கம்பெனியில, இவருக்குக் கீழ புதுசா சேர்ந்த பையன். திருவாரூர் பக்கம். கல்யாணமாகி ஆறு மாசம்கூட இல்லை. பழைய கார் தேடறானாம். நான் கத்தினேன். இவர் நிதானமா பேசறார். "நாம ஏமாந்தோம்ல? யார் வந்து காப்பாத்தினா? நான் பொய் சொல்லலை. அவன் கேக்கலை." நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்கன்னேன். டி.வி. சத்தத்தைக் கூட்டிட்டார்.

ஏப்ரல் 21. சனி

பையனும் பொண்டாட்டியும் வண்டி பாக்க வந்தாங்க. அந்தப் பொண்ணு பேரு தேன்மொழி. மல்லிகைப்பூ, ஒரு டப்பாவுல அதிரசம். "அக்கா, இந்த ஊர்ல தமிழ் பேசியே நாளாச்சுக்கா." என் கையை விடவே இல்லை.

இவர் பையனோட வண்டியைச் சுத்தி வர்றார். நான் அவளைத் தனியா பால்கனிக்குக் கூட்டிட்டுப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். டேங்க், சோப்பு, கதவு, பெல்ட். "வாங்காதீங்கடி. என் பிள்ளையை இனிமே அதுல ஏத்த மாட்டேன், நீங்க எப்படி ஏறுவீங்க." முகம் வெளுத்துப் போச்சு அவளுக்கு. தலையாட்டினா. காப்பி குடிக்காமலே கிளம்பிட்டாங்க.

அப்பாடா. அதிரசம் நல்லா இருந்துச்சு. கயல் ரெண்டு தின்னுச்சு.

இவர் என்கூடப் பேசலை. பேச வேண்டாம்.

ஏப்ரல் 22. ஞாயிறு

சாயங்காலம்.

காலையில காய்கறி வாங்கப் போனேன். திரும்பி வந்தா பார்க்கிங்ல வண்டி இல்லை. இவர் பேப்பர் படிக்கறார். காயலான் கடைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டானாம். நம்பிட்டேன். மனசு லேசாகி, மத்தியானம் இவருக்குப் பிடிச்ச வத்தக்குழம்பு வேற வச்சேன்.

சாப்பிட்டு முடிக்கறப்ப போன். தேன்மொழி. ஒரே காத்துச் சத்தம்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வண்டியை நாங்களே எடுத்துட்டோம். கோயில்ல பூஜை போட்டுட்டு வந்துட்டு இருக்கோம்."

நான் சொன்னேனேடின்னேன்.

"சார் எல்லாம் சொன்னாருக்கா. அண்ணன் குடுத்த வண்டியாமே, உங்களுக்கு அதை விக்க மனசில்லாமதான் அப்படிச் சொன்னீங்களாம். நல்லா வச்சுக்குவோம்க்கா. ஏசிதான் ஓடலை, உள்ள லேசா தலை சுத்துது."

கத்தினேன். எறங்குடி, வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லு, அணைக்கச் சொல்லு, தூரமாப் போய் நில்லுங்க. கயல் பயந்து அழுதுச்சு. போன் கட். மறுபடி போட்டா எடுக்கலை. மறுபடி. மறுபடி. இவரைப் பார்த்தேன். தட்டுல கோலம் போட்டுட்டு இருந்தார்.

அப்புறம் எடுத்தா. எறங்கிட்டாங்க, பொல்லாரம் தாண்டி ரோட்டோரம். ஆட்டோ பிடிச்சு ஓடினேன். வண்டிக்கு அடியில தார் ரோடு நனைஞ்சு கிடந்துச்சு. சுடற தார். ரெண்டும் வேப்பமரத்தடியில கையைக் கோத்துக்கிட்டு நிக்குதுங்க. பையன் "சார்கிட்ட எப்படிக்கா வேண்டாம்னு சொல்றது"ன்னு அழறான். அவங்க காலுல விழலாம் போல இருந்துச்சு எனக்கு.

ரெண்டு பேரையும் அவங்க வீட்டுல விட்டுட்டு இப்பத்தான் வந்தேன். இவர் கதவைத் திறந்தார். முகத்துல வேர்வை.

"ஆஃபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிட மாட்டாங்கல்ல?"

இதைத்தான் கேட்டார். அவங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்களான்னு கேக்கலை.