மே மாதத்துக் கம்பளித் தொப்பி

சாங்ஷா,
நவம்பர் 21, வியாழன்

அன்பு மகள் ஷூயுனுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், கால்கரிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே பத்து நாளாக மழை விடவில்லை, அப்பா பால்கனியில் உலரத் தொங்கவிட்ட பன்றி இறைச்சி பூசணம் பிடித்துவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் கலந்து வரும் சிசுவின் செல்லைத் தேடுகிறோம் என்று உனக்குத் தெரியும். அது கிடைத்தால் வயிற்றில் ஊசி குத்தாமலே குழந்தையின் குறையைக் கண்டுபிடிக்கலாம். கோடிக்கணக்கான செல்களில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், ஆண் சிசுவின் செல் என்றால் சாயம் ஏற்றியதும் பச்சைப் புள்ளி தெரியும். சாயம் சரியா என்று பார்க்க, ஆண் குழந்தையைச் சுமந்தே இராத பெண்ணின் ரத்தமும் வேண்டும். நான் கையை நீட்டினேன். படிவத்தில், கருவுற்றது ஒரு முறை, பெண் என்று எழுதினேன். பத்தொன்பது வருடமாக எல்லாப் படிவத்திலும் அப்படித்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை என்னோடு வேலை செய்யும் மின் என்ற பெண் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து, “தாவோ அக்கா, உங்க ரத்தத்துல ஒரு பையன் ஒளிஞ்சிருக்கான், வாடகை கேளுங்க” என்று சிரித்தாள். புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் ஒரு புள்ளி. அப்புறம் அவள் சிரிக்கவில்லை. ஆய்வகத் தலைவர் எல்லோர் முன்னாலும், “சாயம் கலக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு ஒரு பட்டம்?” என்று கேட்டுவிட்டார், வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லையாம். அவள் சாயத்தில் பிழை இல்லை.

உனக்கு நாலு வயதில், மே மாதப் புழுக்கத்தில், நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கம்பளித் தொப்பியோடு படுத்திருந்தது நினைவிருக்கிறதா? “எங்கம்மாவுக்குப் பைத்தியம், வெயில்ல தொப்பி” என்று மாடி மாடியாகச் சொல்லிச் சிரித்தாய். வயிற்றுவலி என்று உன்னிடம் சொன்னோம். வயிற்றுப் பிள்ளையை இழந்தவள் தலையில் காற்றுப் படாமல் மூடிக்கொள்வாள், அதற்குத்தான் அந்தத் தொப்பி. ஐந்தாம் மாதம். இரண்டாவது குழந்தைக்கு அப்போது அனுமதி இல்லை, பெற்றிருந்தால் எங்கள் இருவருக்கும் வேலை போயிருக்கும். யாரும் என்னை இழுத்துப் போகவில்லை ஷூயுன், நானே ஆஸ்பத்திரிக்கு நடந்து போனேன். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சிசுவின் செல் தாயின் ரத்தத்தில் பல வருடம் தங்கிவிடுவதுண்டு. இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அப்பாவிடம் சொன்னேன். “இப்ப எதுக்கு அதைக் கிளறுற” என்றார், பிறகு அந்தப் பூசணம் பிடித்த இறைச்சியை வெகுநேரம் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார். நாளைக் காலை போய்ப் படிவத்தைத் திருத்தப்போகிறேன். மின் தப்பித்துவிடுவாள். ஆய்வகம் முழுக்கப் பேசும், அதற்கு முன் நீ என் வாயால் கேட்க வேண்டும்.

நோய் நொடி அண்டாமல் நெடுநாள் இரு. கோபம் வந்தால் வரட்டும், போனை மட்டும் எடு. வெளியே போகும்போது தலையில் தொப்பி போட்டுக்கொள், மறக்காதே.

இரண்டு பிள்ளைகளைச் சுமந்த உன் அம்மா,
தாவோ லிஃபென்