எழுந்ததும் ஓர் ஊசி

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது நாள். ஊசி வலிக்கவில்லை. ஊசியைச் சுற்றி நிற்கிறவர்கள்தான் உயிரை வாங்குகிறார்கள்.

காலை நாலரைக்கு எழுந்து சமையலறை விளக்கைப் போட்டால், இவரும் எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் வயிற்றையே பார்த்தபடி நிற்கிறார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஆறு மணி வரை நிம்மதியாகத் தூங்கலாம்.

"பத்து எண்ணிட்டுதான் ஊசியை வெளிய எடுக்கணும்னாங்களே. எண்ணினியா?"

"எண்ணினேன்."

"எனக்குக் கேக்கலையே."

மனசுக்குள் எண்ணினால் இவருக்கு எப்படிக் கேட்கும்? இருபத்தாறு வருடமாக என் மனசுக்குள் நடந்தது எது இவருக்குக் கேட்டிருக்கிறது?

சனிக்கிழமை மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார். பதினோரு வருடம் விழுங்கிய மாத்திரைகள் மட்டும் இனிமேல் போதாது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின், நாளைக்கு ஒரு தடவை, பதினாறு யூனிட். "தினமும் ஒரே நேரத்தில போடுங்க. காலையில எழுந்ததும் போட்டுக்கிட்டா மறக்காது." பத்து வார்த்தைகூட இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மீதியை நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. முதலில் இரண்டு யூனிட்டை வெளியே தள்ளி, துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நேற்று போட்ட இடத்தில் இன்று போடக் கூடாது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு பங்காகப் போடவே கூடாது. நான் தலையாட்டிய ஆட்டத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது.

மார்ச் 4, புதன்

காலையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். 212. ஊசியும் போட்டு 212-ஆ? அப்புறம் எதற்கு இந்தக் கூத்து?

மார்ச் 6, வெள்ளி

மாடியில் இருக்கும் நாத்தனாருக்குச் சர்க்கரை பதினைந்து வருடமாக. ஆகவே எங்கள் குடும்பத்தில் அவர்தான் மருத்துவர். "ஊசின்னு ஆரம்பிச்சா கடைசிவரைக்கும் ஊசிதான். நான் பார், இன்னும் மாத்திரையிலேயே ஓட்டறேன்," என்று பந்தயத்தில் முந்திவிட்டவர் மாதிரி சொல்கிறார்.

இன்று வேலையிலிருந்து வந்து குளிர்பெட்டியைத் திறந்தால், கதவுத் தட்டில் வைத்திருந்த மூன்று இன்சுலின் பேனாக்களைக் காணோம். பிரிக்காத பேனாக்கள். தேடு தேடென்று தேடினால், ஐஸ் கட்டிப் பெட்டிக்குள், பட்டாணிப் பாக்கெட்டின் மேல் படுத்திருக்கின்றன. கல்லாக உறைந்துவிட்டன.

"கதவுல சரியா குளிராது. அதான் உள்ள வெச்சேன். மருந்து கெட்டுப்போகக் கூடாதில்ல?"

உறைந்தால்தான், அண்ணி, கெட்டுப்போகும். உருகினாலும் போடக் கூடாது. மூன்றையும் தூக்கி எறிய வேண்டியதுதான். சொன்னேன். "அப்படியெல்லாம் எனக்கு யாரும் சொல்லலையே," என்கிறார். ஊசியே போடாதவருக்கு யார் சொல்வார்கள்? இவர் வேனை எடுத்துக்கொண்டு போய் மறுபடி வாங்கி வந்தார். தன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "நீ மேல ஒரு சீட்டு ஒட்டி வெச்சிருக்கலாம்," என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேயாவது எழுதுகிறேன். வேலையில் ஊசி பற்றிச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

எங்கள் சலவை ஆலைக்கு மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் துணி வருகிறது. எட்டு வருடமாக நான் இஸ்திரி ரோலரில் நிற்கிறேன். ஈர விரிப்பின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறு முனையை ரேடியோ. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்து, விறைப்பாக ரோலருக்குள் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் மடமடவென்று காய்ந்து வரும். கண்ணை மூடிக்கொண்டு செய்வோம் நாங்கள் இருவரும். ரேடியோ என்பது அவள் பெயர் அல்ல. காலையில் திறந்தால் ஷிஃப்ட் முடியும்வரை மூடாத வாய். அதனால் அப்படி.

சர்க்கரை ஊசி என்று தெரிந்தால், மயக்கம் வந்துவிடும் என்று ரோலரிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிரிக்கும் கூடத்துக்கு அனுப்புவார்கள். மருத்துவமனை மூட்டைகளை அவிழ்த்து, ரத்தமும் வாந்தியும் ஒட்டிய துணியை நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டும். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. அதனால்தான் நர்ஸ் "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டபோது, "துணி துவைக்கிற இடம்," என்று பட்டும் படாமலும் சொன்னேன். ஷிஃப்ட் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் ஏதாவது கடிதம் எழுதித் தருவார்கள். அது மேற்பார்வையாளர் விசிலின் மேசைக்குப் போகும். விசில் அடித்தபடியே படிப்பார்.

மார்ச் 11, புதன்

பிற்பகல் ஷிஃப்ட். 148. கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நர்ஸ் போன் செய்தாள்.

"எப்ப போடறீங்க?"

"எழுந்ததும்."

"இறங்கிப்போனா வாயில போட சர்க்கரைப் பாக்கெட் கையோட வெச்சிருக்கீங்களா?"

"பையில இருக்கு."

பை பெட்டகத்தில், பெட்டகத்துக்குப் பூட்டு, ரோலர் மேலங்கிக்குப் பை கிடையாது. அவள் இதையெல்லாம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இந்த வாரம் இரவு ஷிஃப்ட். காலையில் வந்து படுத்து, மதியம் இரண்டு மணிக்கு எழுந்து ஊசி போட்டேன். அளவு 231. நேற்று காலைக்கும் இன்று இரண்டு மணிக்கும் இடையில் நேரம் ஓடிப்போயிற்று, ஏறாமல் என்ன செய்யும்? ஆனால் ஒரே நேரம் என்றால் எனக்கு எழுந்த நேரம்தானே. சூரியனுக்கு ஒரு காலை என்றால் எனக்கும் ஒரு காலை உண்டு. மதியம் இரண்டு மணி என் காலை.

நாத்தனார் மாடிப்படியில் நின்று, "ஊசி போட்டும் இறங்கலையா?" என்று கேட்டார். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு மணிக்கு எழுந்தேன், போட்டேன். நாளை காலை ஷிஃப்ட். நாலரைக்கு எழ வேண்டும். போர்வையைத் துவைத்துப் போட்டேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 23, திங்கள்

ரேடியோவின் கை. என்னால்தான்.

எழுத வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நேற்று நாலரைக்கு எழுந்ததும் பதினாறு யூனிட் போட்டேன். ஞாயிறு மதியம் போட்ட பதினாறு உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அது ஒரு முழு நாளைக்கான மருந்து. பதினாலரை மணி நேரத்தில் அதன் மேலேயே அடுத்த நாளுக்கானதையும் ஏற்றிவிட்டேன். அது அப்போது புத்தியில் ஏறவில்லை. எழுந்தேன், போட்டேன். நேரம் ஆகிவிட்டதென்று இரண்டு பிஸ்கட்டோடு ஓடினேன்.

பத்து மணிக்கு மேல் விரிப்பின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. வேர்த்தது. ரோலர் முன்னால் யாருக்குத்தான் வேர்க்காது? ரேடியோ என்னவோ கேட்டாள். அவள் தங்கை வீட்டுக் குழாய் உடைந்ததைப் பற்றி என்று நினைக்கிறேன். பதில் சொல்ல வாய் வரவில்லை. முனையைக் கொடுத்தேன், கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. துணி என் விரல்களோடு உள்ளே போகிறது, நான் வேடிக்கை பார்க்கிறேன். ஏதோ அடுத்த வீட்டுக்காரியின் கை மாதிரி.

ரேடியோ முன்கம்பியைத் தட்டி ரோலரை நிறுத்தினாள். நிற்பதற்குள் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவள் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளம் சூடான இரும்பில் பட்டுவிட்டது. என் விரலில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

நான் பயந்துபோய்விட்டேன் என்று நினைத்து, யாரோ நிறையச் சர்க்கரை போட்டுத் தேநீர் கொடுத்தார்கள். அதனால்தான் பிழைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பெட்டகத்திலிருந்து பையை எடுத்து, கழிவறையில் ஒளிந்து குத்திப் பார்த்தால் 61. தேநீர் குடித்த பிறகு 61. அதற்கு முன்னால் எவ்வளவோ, யாருக்குத் தெரியும்.

மறுபடியும் சர்க்கரையை வாயில் கொட்டிக்கொண்டு நர்ஸுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஷிஃப்ட் உட்பட.

"இது மெதுவா, ரொம்ப நேரம் வேலை செய்யற மருந்து. ரெண்டு நாளோடதும் இன்னும் உங்க உடம்புல இருக்கு. இப்ப ஏறினாலும் மறுபடி இறங்கும். தனியா இருக்காதீங்க. நல்லா சாப்பிட்டுட்டு, மணிக்கொரு தடவை பாருங்க. எழுபதுக்குக் கீழ போனா சர்க்கரை எடுத்துட்டு கால் மணி நேரத்துல மறுபடி பாருங்க. ஏறலைன்னா உடனே கிளம்பி வாங்க. அடுத்த ஊசியை நாங்க சொல்ற வரைக்கும் போடாதீங்க."

இவர் வேனை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்து, வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மணிக்கொரு தடவை என் விரலைப் பிடித்து அவரே குத்தினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

மார்ச் 25, புதன்

விடுப்பு. மருத்துவரிடம் போனோம். இந்த முறை உட்கார வைத்துப் பேசினார். "ஷிஃப்ட் வேலைன்னு ஏன் சொல்லலை?" என்றார். நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். இரண்டு பேர் மேலும் தப்புதான். என் மேல் கூடுதல்.

நர்ஸ் ஒரு தாளில் மூன்று ஷிஃப்டுகளையும் கோடு போட்டு வரைந்தாள். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் நான் விழித்திருக்கும் மணி எது என்று தேடினோம். சாயங்காலம் ஆறு. காலை ஷிஃப்டில் வீட்டில் இருப்பேன், பிற்பகல் ஷிஃப்டில் இடைவேளை, இரவு ஷிஃப்டில் புறப்படும் முன். எழுந்தாலும் எழாவிட்டாலும் ஆறு. ஒரு பென்சில் கோட்டில் முடிகிற விஷயம். இதற்காகவா ரேடியோவின் கை வெந்தது?

மருத்துவர் யூனிட்டைப் பதினாலாகக் குறைத்தார். முதல் ஊசி எப்போது என்றும் அவரே எழுதிக் கொடுத்தார். இன்று ஆறு மணி.

மார்ச் 26, வியாழன்

வேலைக்குப் போனேன். மருத்துவர் கடிதம் பையில். கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போனால், வாசலிலேயே செய்தி. விபத்துத் தாளில் ரேடியோ தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாள்: பேசிக்கொண்டே இருந்ததில் கவனம் சிதறியது, தவறு என்னுடையது.

யார் கேட்டார்கள் இவளை? பேச்சுக்காக ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள். இன்னொன்று வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, என்னவென்றுகூடத் தெரியாமல், என்னைக் காப்பாற்றுகிறாளாம். எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது. உடனே சந்தேகம் வந்து குத்திப் பார்த்தேன். 139. வெறும் கோபம்தான்.

மார்ச் 27, வெள்ளி

விசிலிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தை மேசையில் வைத்து, "அவ மேல தப்பில்ல, சார். எனக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு. ஊசி போடறதை உங்ககிட்ட மறைச்சுட்டேன்," என்றேன். படித்தார். விசில் வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆறு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் விட்டிருப்பேனேம்மா."

அப்படியா? எனக்கு எப்படித் தெரியும்? எட்டு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து யாராவது ஒன்று கேட்டிருக்கிறோமா? ரேடியோவின் தாளைக் கிழித்துவிட்டு, என்னையே புதிதாக எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்.

மூன்று மாதத்துக்கு ரோலர் கிடையாது. அளவு நிலையாக இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். பிரிக்கும் கூடம். பயந்தது நடந்துவிட்டது. அழலாம் என்று பார்த்தேன், நேரம் இல்லை. ஏழு மூட்டை காத்திருந்தது.

ஏப்ரல் 1, புதன்

ரேடியோ கட்டுப்போட்ட கையோடு வேலைக்கு வந்திருக்கிறாள், துணி எண்ணும் மேசைக்கு. என்னைப் பார்த்தும் பேசவில்லை. ஊரெல்லாம் பேசுகிறாள், என்னிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்னதற்கா கோபம்? தேநீர் நேரத்தில் போய் நேராகவே கேட்டேன்.

"என் தங்கச்சி புருஷன் குடிக்கறது வரைக்கும் உங்கிட்ட சொல்லியிருக்கேன். நீ பையில ஊசியை வெச்சுக்கிட்டு என் பக்கத்துலயே நின்னிருக்க. விசிலுக்குச் சொன்ன. எனக்குச் சொன்னியா?"

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு மூட்டைகளுக்கே திரும்பினேன்.

ஏப்ரல் 4, சனி

121. ஐந்து நாளாக 110-க்கும் 140-க்கும் நடுவில். மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமாம். நாத்தனார் தன் மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து, "அந்த நர்ஸ்கிட்ட என்னுதையும் ஒரு தடவை காட்டேன்," என்றார். மாடி இறங்கி வந்து கேட்டார். மூன்று பேனா போன எரிச்சல் இன்னும் போகவில்லை. காட்டுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பிற்பகல் ஷிஃப்ட். பிரிக்கும் கூடத்தில் ஷிஃப்ட் சுற்று வேறு. இன்று வந்த மூட்டையில் யாருடைய பல்செட்டோ இருந்தது. அதற்கு ஒரு தாள் எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, போதும் போதும் என்றாகிவிட்டது. ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கையைக் கழுவி, முதலுதவி அறைக்குப் போய், துளி பார்த்து, பதினாலு போட்டு, பத்து எண்ணி வந்தேன்.

மறுபடி கையுறையை மாட்டும்போது கூடத்து வாசலில் ரேடியோ. உள்ளே வந்தால் நாற்றம் தாங்காது அவளுக்கு. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மூட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

"மணி ஆறு."

"போட்டாச்சு."

"எனக்கென்ன தெரியும். நீதான் எதையும் சொல்ல மாட்டியே."

"பதினாலு யூனிட். வலது தொடை. சாயங்காலம் பார்த்தப்ப 126. போதுமா?"

மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். பிறகு தங்கை வீட்டுக் குழாயில் ஆரம்பித்தாள். அது இன்னும் ஒழுகுகிறதாம். மூன்றாவது மூட்டை முடியும்வரை விடவில்லை.